திராட்சைக் குன்றின் மிதிவண்டி வீரர்

மிதிவண்டி எளியோரின் ஊர்தி. குதிரைக்கு வேண்டுவது போல் அதற்குத் தீனி வேண்டுவதில்லை; மோட்டாருக்கு வேண்டுவது போல் எரிபொருளும் வேண்டுவதில்லை. ஏறி அமர்ந்தவரின் காலும் மூச்சுமே அதனை இயக்குகின்றன. இத்தகைய எளிய ஊர்தியைக் கொண்டு உலகப் புகழ் எய்தியவர் இத்தாலி நாட்டு ஃபௌஸ்தோ கோப்பி. உடன் வந்த கூட்டத்தைப் பின்னே விட்டுத் தனியே முன்சென்று வெற்றி காண்பது அவரது வழக்கம். ஆயினும் அத்தனி வெற்றிகளுக்குப் பின்னே துணை நின்ற கைகள் பல. அவருடைய வாழ்க்கை வரலாறு இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றது.

இத்தாலியின் வடமேற்குப் பகுதிக்குப் பியமோந்தே என்பது பெயர். அப்பகுதியின் தென்கிழக்கில் ஸ்கிரிவியா என்னும் ஆறு மலைகளினின்று இறங்கிச் சமவெளியை நோக்கி ஓடுகின்றது. ஆற்றுக்குக் கிழக்கே கடல் அலைகள் உறைந்து நின்றாற்போலக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கின்றன. அக்குன்றுகளின் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகப் படர்ந்திருக்கும். குன்றின் உச்சியில் சிற்றூர், பள்ளத்தாக்கில் ஆறு, இரண்டையும் இணைத்து வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலை. இதுவே அந்நாட்டின் காட்சி. அத்தகைய குன்றூர்களுள் ஒன்றாகிய காஸ்தெல்லானியாவில் 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோப்பி பிறந்தார். தந்தையார் தொமெனிக்கோ; தாயார் ஆஞ்சியோலினா. உழவே அவர்களுடைய தொழில். மக்கள் ஐவருள் கோப்பி நான்காமவர். கடைசியாகப் பிறந்த தம்பியின் பெயர் செர்சே. இத்தம்பியிடம் கோப்பி கொண்டிருந்த அன்பு அளவிறந்தது.

கோப்பி இளமையில் உடல் நலம் குன்றியவர். மெலிந்த தோற்றமும் நீண்ட கால்களும் உடையவர். எட்டு வயதில் அவர் வீட்டின் நிலவறையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிதிவண்டி ஒன்றைக் கண்டெடுத்தார். பள்ளியை மறந்தார், பகல் முழுதும் அவ்வண்டியிலேயே சுற்றித் திரிந்தார். மறுநாள் பள்ளியில் அதற்குரிய தண்டனையும் பெற்றார். தாம் இருக்க வேண்டிய இடம் பள்ளியே என்று பலமுறை எழுதித் தீர்த்தார். எனினும் வண்டியின்மேல் எழுந்த ஆசை எள்ளளவும் குறையவில்லை.

குடும்பத்தின் வறுமையால் 13ஆம் வயதில் அவரது பள்ளிப் படிப்பு நின்றது. நோவி லிகுரே என்னும் ஊரில் இருந்த ஓர் இறைச்சிக் கடையில் அவர் வேலைக்கு அமர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு மிதிவண்டியில் சென்று பொருள்களைக் கொடுத்து வருவது அவருடைய பணி. வீட்டுக்கும் கடைக்கும் இடையிலோ திராட்சைக் குன்றுகளின் ஏற்றமும் இறக்கமும். பிறர் களைப்பாகக் கருதிய அப்பயணம் கோப்பிக்குப் பயிற்சியாயிற்று. அவர் மனத்தை அறிந்தவர் அவருடைய சிறிய தந்தையார், கப்பலில் பணியாற்றியவர், அவர் பெயரும் ஃபௌஸ்தோ கோப்பி என்பதே. அவரும் தந்தையாரும் பொருள் உதவ, பந்தயத்துக்கு ஏற்ற வண்டி ஒன்றனை இளைஞர் பெற்றார்.

நோவி லிகுரேயில் பியாஜோ கவான்னா என்பார் வாழ்ந்து வந்தார். வீரர்களின் உடலைப் பிடித்துவிட்டுப் பயிற்சி அளிப்பது அவர் தொழில். அவர் இரு கண்களும் பார்வை இழந்தவர். ஆயினும் விரல்களால் தசையைத் தொட்டுப் பார்த்தே ஒருவனது ஆற்றலை அளந்தறியும் திறம் அவரிடம் இருந்தது. மெலிந்த கோப்பியிடம் பிறர் காணாத வலிமையை அவர் விரல்கள் கண்டன. அவர் கோப்பியைத் தம் மாணவராக ஏற்றார். வைகறையில் எழுதல், அளவறிந்து உண்ணல், நாள்தோறும் நெடுந்தொலைவு வண்டி ஓட்டல் என்னும் ஒழுங்குகளை விதித்தார். கண்ணற்ற ஆசிரியர் காட்டிய வழியே கோப்பியின் வாழ்க்கைக்கு ஒளியாயிற்று.

மிதிவண்டிப் பந்தயத்தின் இயல்பை இங்கே சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். விரைந்து செல்பவனைக் காற்று எதிர்த்துத் தடுக்கின்றது. முன்னே ஒருவன் செல்ல, அவனை ஒட்டிப் பின்னே செல்பவனுக்கு அத்தடை பெரிதும் குறைகின்றது. ஆதலால் ஒவ்வொரு குழுவிலும் தலைவர் ஒருவரும், அவருக்குக் காற்றை மறைத்து உழைக்கும் துணைவர் பலரும் இருப்பர். தனியே முன்செல்பவனோ காற்றின் முழுத் தடையையும் தானே தாங்க வேண்டும்.

அந்நாளில் இத்தாலியின் தலைசிறந்த வீரர் ஜீனோ பார்த்தலி. 1940ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் சுற்றி நடைபெறும் இத்தாலியச் சுற்று என்னும் பந்தயத்தில், அவருடைய துணைவர்களுள் ஒருவராகக் கோப்பி சேர்ந்தார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே நாய் ஒன்று குறுக்கிட்டதால் பார்த்தலி விழுந்து காயமுற்றார். பின்னர் மழையிடையே ஒரு மலைப் பாதையில் கோப்பி முன்சென்று முதலிடத்தைக் கைப்பற்றினார். துணைவன் தலைவனானான்! தலைவர் துணைவனுக்கு உதவுவாரா? பார்த்தலி உதவினார். உயர்ந்த மலைகளில் கோப்பி சோர்ந்தபோது அவரை ஊக்கி நடத்தினார். ஜூன் 9ஆம் நாள் கோப்பி வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது.

போர்க்காலத்திலும் கோப்பி முயற்சியைக் கைவிடவில்லை. 1942 நவம்பர் 7ஆம் நாள், குண்டு வீச்சுக்கு உள்ளாகியிருந்த மிலான் நகரத்தின் ஓடுகளத்தில், ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அதனை 1956ஆம் ஆண்டு வரை எவராலும் வெல்ல இயலவில்லை. பின்னர்ப் படைவீரராக வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1943 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1945இல் விடுதலை பெற்று, இத்தாலியின் தென்பகுதியினின்று மிதிவண்டியிலும், வழியில் கிடைத்த ஊர்திகளிலுமாக வீடு வந்து சேர்ந்தார். வீரர் ஒருவரின் நல்ல ஆண்டுகள் சில போரிலே கழிந்தன. கோப்பியோ இழந்ததை எண்ணி ஏங்காமல் மீண்டும் பயிற்சி தொடங்கினார். 1946 மார்ச்சில் மிலானிலிருந்து கடற்கரை நகராகிய சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில், இரண்டாமவருக்கு 14 நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். போரால் நலிந்திருந்த நாட்டு மக்களுக்கு அவ்வெற்றி புத்துயிர் அளித்தது.

அதன்பின் பார்த்தலிக்கும் கோப்பிக்கும் போட்டி முற்றியது. இத்தாலி மக்கள் இரு பிரிவாகப் பிரிந்து இருவரையும் ஆதரித்தனர். போட்டி எல்லை கடந்தால் விளையும் தீங்கை 1948ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஹாலந்து நாட்டில் நடந்த உலகப் பந்தயத்தில் இருவரும் ஒரே நாட்டின் வீரராகக் கலந்துகொண்டனர். ஆனால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதிலேயே காலம் கழித்தனர். மற்றவர் வென்றுவிடலாகாது என்பதே இருவரின் எண்ணமும் ஆயிற்று. இறுதியில் பந்தயத்தை முடிக்காமலே இருவரும் விலகினர். நாட்டின் மிதிவண்டிச் சங்கம் இருவரையும் கண்டித்துச் சில காலம் பந்தயங்களினின்று விலக்கி வைத்தது.

அப்பிழையை இருவரும் உணர்ந்து திருந்தியதை 1949ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள், இத்தாலியச் சுற்றில் ஐந்து மலைக் கணவாய்களைக் கடக்க வேண்டிய வழியில், கோப்பி 192 கிலோமீட்டர் தொலைவைத் தனியே கடந்து வென்றார். இரண்டாமவராக வந்தவர் பார்த்தலி. அவர் வந்து சேர மேலும் ஏறத்தாழ 12 நிமிடம் ஆயிற்று. அடுத்து நடந்த பிரெஞ்சுச் சுற்றில் இருவரும் மீண்டும் ஒரே அணியில் சேர்ந்தனர். தொடக்கத்தில் கோப்பி கீழே விழுந்தார், வண்டி உடைந்தது. அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கிய அவர், மனமுடைந்து வீடு திரும்ப எண்ணினார். அணியின் தலைவர் அல்பிரேதோ பிந்தா அவரைத் தேற்றித் தொடரச் செய்தார். ஆல்ப்சு மலைகளில் பார்த்தலியும் கோப்பியும் இணைந்து ஏனையோரைப் பின்னே விட்டனர். ஜூலை 18ஆம் நாள் பார்த்தலியின் பிறந்த நாள். அன்றைய முதலிடத்தைக் கோப்பி அவருக்கே விட்டுக்கொடுத்தார். மறுநாள் பார்த்தலியின் சக்கரத்தில் காற்று இறங்கியபோது கோப்பி அவருக்காகக் காத்திருந்தார். பார்த்தலி மறுபடியும் விழுந்தபோது, அணித் தலைவரின் கட்டளைப்படியே முன்சென்றார். முடிவில் கோப்பி முதல்வரானார், பார்த்தலி இரண்டாமவரானார். ஒரே ஆண்டில் அவ்விரு பெரும் பந்தயங்களையும் வென்ற முதல் வீரர் கோப்பியே ஆவர்.

இன்பத்தை அடுத்துத் துன்பம் வந்தது. தம்பி செர்சேயும் பந்தய வீரர். அண்ணனுக்கு நிழல் போல் உடனிருந்தவர். 1951 ஜூன் 29ஆம் நாள், பந்தயம் ஒன்றின் முடிவில் தூரின் நகரத் தெருவில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி அவர் விழுந்தார். எழுந்து பந்தயத்தையும் முடித்தார். ஆனால் தலையில் பட்ட அடியால் அன்றே உயிர் நீத்தார். கோப்பியின் உள்ளம் உடைந்தது. சில நாள்களில் தொடங்கிய பிரெஞ்சுச் சுற்றில் அவர் கலந்துகொண்டாரெனினும், வெயிலும் துயரும் வாட்டப் பின்தங்கினார். ஆயினும் துயரிலேயே அவர் அழுந்திவிடவில்லை. 1952இல் இத்தாலியச் சுற்றையும் பிரெஞ்சுச் சுற்றையும் மீண்டும் ஒருங்கே வென்றார். அவ்வாண்டுப் பிரெஞ்சுச் சுற்றில் மலைப்பாதை ஒன்றில் பார்த்தலியும் கோப்பியும் ஒரே குடுவையைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் உலகெங்கும் புகழ் பெற்றது. கொடுத்தவர் எவர், பெற்றவர் எவர் என மக்கள் நெடுங்காலம் வாதிட்டனர். போட்டியாளர் இருவர் ஒரு குடுவை நீரைப் பகிர்ந்தனர் என்பதன்றோ அதில் கருதத்தக்கது? 1953இல் அவர் ஐந்தாம் முறையாக இத்தாலியச் சுற்றை வென்றார். உலகச் சாம்பியன் பட்டத்தையும் பெற்றார்.

1959 டிசம்பரில் கோப்பி தம் தோழர்களுடன் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அப்பர் வோல்ட்டா நாட்டுக்கு ஒரு பந்தயத்துக்காகச் சென்றார். அந்நாடே பிற்காலத்தில் புர்க்கினா ஃபாசோ எனப் பெயர் பெற்றது. திரும்பியதும் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. உடன் சென்ற பிரெஞ்சு வீரர் ரஃபயேல் ஜெமினியானிக்கும் அவ்வாறே காய்ச்சல் கண்டது. பிரான்சு நாட்டு மருத்துவர்கள் அது மலேரியா என அறிந்து, குயினா மருந்து அளித்து அவரைக் காத்தனர். அச்செய்தி இத்தாலிக்கும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோப்பிக்கு மருத்துவம் செய்தவர்கள் வேறு நோய் என்றே எண்ணியிருந்தனர், அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. 1960 ஜனவரி 2ஆம் நாள், தோர்த்தோனா நகர மருத்துவமனையில் தம் 40ஆம் வயதில் கோப்பி காலமானார். கொசுவால் பரவும் நோய், மலைகளை வென்ற மாவீரரைச் சாய்த்தது. பிறர் கூறும் நல்லுரையைக் கேளாமையால் வரும் கேடு எத்துணைப் பெரிது!

காஸ்தெல்லானியாவின் குன்றின்மேல் அண்ணனும் தம்பியும் அருகருகே துயில்கின்றனர். அவ்வூர் 2019ஆம் ஆண்டு முதல் காஸ்தெல்லானியா கோப்பி என்றே பெயர் பெற்றுள்ளது. 1965 முதல் இத்தாலியச் சுற்றில் ஒவ்வோர் ஆண்டும் கடக்கும் மிகவுயர்ந்த இடத்துக்குக் கோப்பி சிகரம் என்று பெயரிட்டு, அங்கு முதலில் ஏறுபவரைச் சிறப்பிக்கின்றனர்.

மாணவர்களே! கோப்பி தனி வழி சென்ற வீரர். ஆயினும் தனியர் அல்லர். பொருள் தந்த உறவினர், கண்ணின்றியும் வழி காட்டிய ஆசிரியர், நிழலாய் நின்ற தம்பி, எதிர்த்து நின்றே வளர்த்த போட்டியாளர் ஆகிய அனைவரின் துணையும் அவர் வெற்றியில் கலந்திருந்தது. நாமும் உழைத்து முன்னேறுவோம். முன்னேறும்போது, நமக்காகக் காற்றைத் தாங்கியவர்களை மறவாதிருப்போம்.