காற்றின் உரசலை அளந்த விஞ்ஞானி!

திருத்தணி மலையில் 365 படி ஏறி முருகனைத் தரிசித்திருக்கிறீர்களா குட்டீஸ்? அங்கிருந்து வடகிழக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டினால், கடலோரத்தில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. நம் ராக்கெட்டுகள் புறப்படும் இடம். அந்த விண்வெளி மையத்துக்கு சதீஷ் தவானின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. யார் அவர்?

சதீஷ் தவான், 1920 செப்டம்பர் 25ம் தேதி, ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் என்று பலவும் படித்தார். பின், அமெரிக்கா சென்று, 1951ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவரது ஆராய்ச்சி எதைப் பற்றி தெரியுமா? வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேற்பரப்பைக் காற்று உரசி, பின்னால் இழுக்கும். அந்த உரசல் விசை எவ்வளவு? ஒரு தகட்டின் நடுவே, சிறு துண்டை மட்டும் தனியே அசையும்படி பொருத்தினார். காற்று பாய்ந்ததும் துண்டு துளியளவு நகர்ந்தது. அதை வைத்து விசையை நேரடியாக அளந்துவிட்டார்!

இந்தியா திரும்பியவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஒலியைவிட வேகமாகக் காற்று பாயும் சோதனைக் குகையை, நாட்டிலேயே முதன்முதலாக அங்கே அமைத்தார்.

1972ல் இஸ்ரோ தலைவரானார். 1979ல் எஸ்.எல்.வி., 3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு தானே முன்வந்து பதிலளித்தார். அடுத்த ஆண்டு வெற்றி கிடைத்ததும், திட்ட இயக்குனர் அப்துல் கலாமைப் பேசச் சொல்லி, தான் ஒதுங்கிக் கொண்டார்.

2002 ஜனவரி 3ம் தேதி தவான் மறைந்தார். அதே ஆண்டு, ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவர் பெயர் வந்தது.

அங்கிருந்துதான், 2016 ஆகஸ்ட் 28ல், 'ஸ்கிராம்ஜெட்' இன்ஜின் சோதிக்கப்பட்டது. மற்ற ராக்கெட்டுகள் ஆக்சிஜனையும் சுமந்து செல்லும். இதுவோ, வழியில் கிடைக்கும் காற்றையே பயன்படுத்தும். காற்று, ஒலியைவிட வேகமாக உள்ளே பாயும்; அது வெளியேறும் முன், கண் இமைக்கும் நேரத்துக்குள் எரிபொருள் எரிந்து முடிய வேண்டும். ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் பறந்தபடி, ஐந்து வினாடி எரிந்து காட்டியது அந்த இன்ஜின்.

இத்தகைய இன்ஜினை எடுத்ததும் செய்து பார்க்க முடியாது. செலவு மிக அதிகம். முதலில் தாளில் எளிய கணக்கு போடுவார்கள். எவ்வளவு காற்று வரும், எவ்வளவு வெப்பம் சேரும், எவ்வளவு தள்ளுவிசை கிடைக்கும் என்று கணித்து, உரசலைக் கழிப்பார்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான். உரசலைக் குறைவாக மதிப்பிட்டால், தாளில் பறக்கும் இன்ஜின் வானில் பறக்காது!

தவான் இளம் வயதில் அளந்தது அந்த உரசலைத்தான். இனி, கழித்தல் கணக்கைச் சாதாரணமாக நினைக்க மாட்டீர்கள்தானே குட்டீஸ்?