கொள்கையும் வழக்கமும்: அறிஞர் சித்திலெப்பை

உயர்தரத்தில் அரசறிவியலும் இஸ்லாமும் படிக்கும் எங்களுக்குக் கோட்பாடு என்ற சொல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒன்று. அரசறிவியலில் வலுவேறாக்கக் கோட்பாடு வருகிறது. சட்டத்தில் முன்தீர்ப்புக் கோட்பாடு. உயர் நீதிமன்றம் ஒருமுறை தீர்த்ததற்குக் கீழ் நீதிமன்றங்கள் கட்டுப்பட வேண்டும் என்பது. மார்க்கத்தில் அகீதா. பெயர் ஒன்றானாலும் இவற்றின் கனம் ஒன்றல்ல. சட்டத்தைப் பாராளுமன்றம் மாற்றலாம். அகீதாவில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. இவற்றுக்கு நடுவே வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. கொஞ்சம் அசந்தால் அது கொள்கையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிடும். அதைப் பிரித்துக் காட்டப் புறப்பட்டு நிறைய ஏச்சு வாங்கியவர்தான் அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை.

அவர் 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலில் புரொக்டரானவர்களில் ஒருவர். வீட்டில் அறபும் தமிழும் மார்க்கக் கல்வியும் கிடைத்தன, ஆங்கிலமும் கற்றார். அந்தக் காலத்தில் இவை ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். 1862இல் அவரும் புரொக்டரானார். இரண்டு ஆண்டுகளில் உயர் நீதிமன்றத்திலும் தோன்றும் தகுதி பெற்றார். பின்னர் கண்டி மாநகர சபையில் உறுப்பினராகவும் மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் இருந்தார்.

அவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன சட்டத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஆங்கிலேயர் 1806இல் இலங்கை முஸ்லிம்களின் விவாகத்துக்கும் சொத்துரிமைக்கும் ஒரு சட்டக்கோவையைத் தொகுத்தார்கள். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. அப்போது சித்திலெப்பைக்குப் பதினான்கு வயது. அந்தக் கோவையில் ஷரீஅத்தும் இருந்தது, ஊர் வழக்கமும் இருந்தது. மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹரும், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியும் ஒரே நூலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. முதலாவது குர்ஆனில் உள்ள கடமை. இரண்டாவதற்கு அங்கே இடமே இல்லை. ஆனால் அரசாங்கத்தின் சட்டம் என்று அச்சில் வந்துவிட்டால் இரண்டும் ஒரே தரத்தில் இருப்பதுபோலத்தானே தோன்றும்? எங்கள் உப்புக்குளத்தில் மகளைப் பெற்ற வாப்பா, அவள் பாடசாலைக்குப் போகத் தொடங்கும்போதே அவளுக்கு வீடு கட்டும் கவலையையும் தொடங்கிவிடுகிறார். மஹரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

வழக்கம் எல்லாமே கெட்டதென்று சொல்லவும் முடியாது. ஷரீஅத்துக்கு முரணாகாத ஊர் வழக்கத்தை ‘உர்ஃப்’ என்று பிக்ஹு ஏற்றுக்கொள்கிறது. முரண்படும்போதும் அதைக் கொள்கை என்று பிடித்துக்கொண்டு நிற்பதில்தான் வில்லங்கம்.

சித்திலெப்பையின் காலத்தில் அந்த வில்லங்கம் கல்வியில் வந்தது. ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரிடம் இருந்தன. அங்கே போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற அச்சம் பொய்யான அச்சமல்ல. இதே அச்சத்தால்தான் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலை அமைத்தார். பௌத்தர்களும் தமக்கெனப் பாடசாலைகளைத் திறந்தார்கள். முஸ்லிம்களிடமோ அந்த அச்சம் மெல்ல மெல்ல உருமாறி, ஆங்கிலம் படிப்பதே மார்க்கத்துக்கு ஆகாது என்பதாகிவிட்டது. பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அறிவைத் தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயராலேயே அறிவின் கதவு சாத்தப்பட்டது.

அவர் 1882 டிசம்பர் 21ஆம் திகதி ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே, எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். இருவரும் நெருங்கினார்கள். வருமானம் தந்த தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சித்திலெப்பை பாடசாலை வேலையில் இறங்கினார். 1884இல் கொழும்பில் திறந்த பாடசாலை ஆதரவின்றிப் படுத்துவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, வாப்பிச்சி மரிக்காரும் ஒராபி பாஷாவும் தோள்கொடுக்க, மருதானையில் எழுந்த மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. கண்டி, கம்பளை, குருநாகல் முதலான இடங்களிலும் பாடசாலைகள் பிறந்தன. இவற்றில் எனக்குப் பிடித்தது 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று அவர் தொடங்கியதுதான். அதற்குத் தம் சகோதரியையே பொறுப்பாக வைத்தார். பிறர் வீட்டுப் பெண்களை வெளியே வா என்று அழைப்பவர் முதலில் தம் வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்.

இடையில் கதையும் எழுதினார். 1885இல் வந்த ‘அஸன்பேயுடைய கதை’ இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று மதிக்கப்படுகிறது. எகிப்தில் பிறந்த பிள்ளை ஒன்று இந்தியாவுக்குக் கடத்தப்பட்டு வளரும் கதை.

கடைசி நூல் ‘அஸ்றாருல் ஆலம்’, உலகத்தின் இரகசியங்கள் என்று பொருள். 1897இல் வெளிவந்த மெய்ஞ்ஞான நூல். பாடசாலை விடயத்தில் அவரைக் குறைசொன்னவர்கள் வழக்கத்துக்காகக் கோபப்பட்டார்கள். இந்த நூலிலோ அவர் அகீதாவின் எல்லைக்கே வந்து நின்றார். உலமாக்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை. அகீதாவைக் காப்பது அவர்களின் பொறுப்பு. எது கொள்கை என்று வாழ்நாள் முழுதும் கேட்ட மனிதரிடம், உன் கொள்கை எது என்று ஊர் திருப்பிக் கேட்டது.

அந்தச் சச்சரவுகளுக்குப் பின் அவர் அதிக நாள் வாழவில்லை. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறையுமுன், கண்டியில் வபாத்தானார். கண்டிப் பெண்பிள்ளைகளின் பாடசாலைக்கும், 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி திறக்கப்பட்டதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் எழுத்துக் கூட்டத் தெரியாமலே உம்மாவாகி, உம்மம்மாவும் ஆகியிருப்பார்கள்.