ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 – 1949) பிரித்தானிய விலங்கியலாளரும் கடல்சார் இனவரைவியலாளரும் ஆவார். இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் முத்து, சங்கு, மீன்வளம் ஆகியவை பற்றி ஆய்வு செய்தவர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார். ஓய்வு பெற்றபின் பசிபிக் பெருங்கடலின் தொலைதூரத் தீவுகளுக்குப் பயணம் செய்து, அங்குள்ள படகுகளைப் பற்றி எழுதிய நூலால் உலக அளவில் அறியப்பட்டார். தமிழகக் கடற்கரையின் கட்டுமரத்தையும் பொலினீசியத் தீவுகளின் படகுகளையும் நேரில் கண்டு ஒப்பிட்ட ஆய்வாளர்களுள் இவர் முதன்மையானவர்.

இலங்கையில்

ஹோர்னெல் 1890களில் ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜேர்சி தீவில் இயங்கிய கடல் உயிரியல் நிலையம் ஒன்றில் பணியாற்றினார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்கள் பல ஆண்டுகளாகப் பயன் தராது போனதால், இலங்கை அரசு அதன் காரணத்தை அறிய விரும்பியது. இதற்காக 1902இல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தபோது ஹோர்னெலும் உடன் வந்தார். ஹெர்ட்மன் திரும்பிச் சென்றபின்னும் இவர் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் உள்ள முத்துப் படுகைகளைப் பற்றிய இவரது அறிக்கை 1905இல் வெளிவந்தது.

சென்னை மாகாணத்தில்

சர் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறைக்கு அடித்தளம் இட்டவர். அத்துறையில் 1908இல் சேர்ந்த ஹோர்னெல், 1918இல் அதன் இயக்குநர் ஆனார். 1924இல் ஓய்வு பெறும் வரை தூத்துக்குடி முதல் வட எல்லை வரையிலான சோழமண்டலக் கரையிலும் மலபார் கரையிலும் மீனவர்களின் படகு, வலை, தூண்டில், மீன்பிடி முறைகள் ஆகியவற்றைப் பதிவு செய்தார்.

1914இல் வெளிவந்த இவரது சங்கு பற்றிய நூல் இன்றும் குறிப்பிடத்தக்கது. தூத்துக்குடி, கீழக்கரை முதலிய இடங்களின் முத்துக்குளிப்போர் எடுத்த சங்குகள் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு அங்கு வளையல்களாக அறுக்கப்பட்டன. இவ்வணிகத்தையும், பண்டைய தமிழகத்தில் சங்கு வளையல் தொழில் இருந்ததற்கான சான்றுகளையும் அந்நூலில் இவர் தொகுத்தளித்தார்.

கடற்கரையும் படகும்

ஒரு கடற்கரையின் அலை, மணல், பாறை ஆகியவையே அங்கு பயன்படும் படகின் வடிவை முடிவு செய்கின்றன என்பது ஹோர்னெலின் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் கருத்தாகும். சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகமோ, அலையைத் தடுக்கும் பவளப் பாறைத் தொடரோ இல்லை. பேரலைகள் நேரடியாக மணற்கரையில் வந்து உடைகின்றன. இத்தகைய கரைக்கு ஏற்றவை இரு வகைக் கலங்கள் ஆகும்.

முதலாவது கட்டுமரம். எடை குறைந்த மரக்கட்டைகளைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்து இது செய்யப்படுகிறது. கட்டைகளின் இடைவெளி வழியாக நீர் வடிந்துவிடுவதால் அலை மேலே விழுந்தாலும் இது மூழ்குவதில்லை. கரை சேர்ந்தபின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் உலர்த்துவர். இரண்டாவது மசூலாப் படகு. இதன் பலகைகள் ஆணி இன்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆதலால் கரையில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்னர், கப்பல்களில் வந்த பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளிலேயே கரை சேர்ந்தனர்.

பாக்கு நீரிணைப் பகுதியிலும் இலங்கையிலும் நிலை வேறு. அங்கு பக்க மிதவை கொண்ட படகுகளை ஹோர்னெல் கண்டார். படகின் பக்கவாட்டில் கழிகளை நீட்டி, அவற்றின் முனையில் மிதக்கும் கட்டையைப் பொருத்துவதே பக்க மிதவை ஆகும். இவ்வமைப்பு பசிபிக் தீவுகளில் மிகப் பரவலாக உள்ளது. இந்திய படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் வெளிவந்த ஆய்வில், பொலினீசியத் தொடர்புடைய மக்கள் பழங்காலத்தில் தென்னிந்தியக் கரையில் குடியேறியிருக்க வேண்டும் என்று இவர் வாதிட்டார்.

பசிபிக் பயணம்

1924இல் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்ட செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலின் அறிவியல் ஆய்வுப் பயணத்தில் ஹோர்னெல் கலந்து கொண்டார். பனாமாக் கால்வாயைக் கடந்த கப்பல் கலாபகசு, மார்க்கெசாஸ், துவாமோத்து, தாகித்தி முதலிய தீவுகளை அடைந்தது. இத்தீவுகளின் கடற்கரைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எரிமலைத் தீவுகளான மார்க்கெசாசைச் சுற்றிப் பவளப் பாறைகள் குறைவு. அலைகள் தடையின்றிக் கரையை அடைகின்றன. துவாமோத்துவில் வளைய வடிவப் பவளத் தீவுகளின் நடுவே அலையற்ற காயல்களும் வெண்மணற் கரைகளும் உள்ளன. தாகித்தியில் எரிமலைப் பாறையால் ஆன கரிய மணற்கரைகளைக் காணலாம்.

தீவு மக்கள் நூலை விரல்களில் கோத்து உருவங்கள் அமைக்கும் விளையாட்டையும் ஹோர்னெல் ஆராய்ந்தார். பிஜி, மேற்குப் பொலினீசியா ஆகியவற்றின் நூல் உருவங்கள் பற்றிய இவரது நூல் 1927இல் வெளிவந்தது. மானிடவியலாளர் ஏ. சி. ஹேடனுடன் இணைந்து எழுதிய ஓசியானியப் படகுகள் பற்றிய மூன்று தொகுதிகளை, அவாயில் உள்ள பிஷப் அருங்காட்சியகம் 1936 முதல் 1938 வரை வெளியிட்டது. பொலினீசியா, பிஜி, மைக்குரோனீசியா பற்றிய முதல் தொகுதி ஹோர்னெல் எழுதியதாகும். நீர்ப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய நூல் 1946இல் வந்தது.

கருத்து வேறுபாடுகள்

பொலினீசியர் தென்னிந்தியாவில் குடியேறினர் என்னும் ஹோர்னெலின் கொள்கை இன்று அவ்வாறே ஏற்கப்படுவதில்லை. பொலினீசியரின் முன்னோர் தைவானில் இருந்து பிலிப்பீன்சு, இந்தோனேசியப் பகுதிகள் வழியாகக் கிழக்கு நோக்கிப் பரவி, ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் தொங்கா, சமோவா தீவுகளை அடைந்தனர் என மொழியியல், தொல்லியல், மரபியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அதே ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கடலோடிகள் மேற்கு நோக்கி மடகாசுகர் வரை சென்றனர். பக்க மிதவை இவர்கள் வழியாகவே இந்தியப் பெருங்கடலுக்கு வந்திருக்கக்கூடும். ஆகவே இரு கடற்கரைகளின் படகுகளிலும் ஹோர்னெல் கண்ட ஒற்றுமை உண்மையே எனினும், அதற்கு அவர் தந்த விளக்கம் மாறிவிட்டது.

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று. இரட்டை உடல் படகு பொலினீசியருக்கு உரியது. தமிழரின் கட்டுமரம் அதனின்றும் முற்றிலும் வேறானது. சொல் ஒரு கடலுடையது, வடிவம் மற்றொரு கடலுடையது.

இன்றைய நிலை

சென்னையின் தென் புறநகர்க் கரையில் கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கானத்தூர், கோவளம் முதலிய மீனவக் குப்பங்கள் உள்ளன. ஹோர்னெல் பதிவு செய்த சோழமண்டலக் கரையின் பகுதியே இதுவும். இங்கு கட்டுமரங்களின் இடத்தை இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக இத்தகைய படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. தாம்பரம், வண்டலூர் பகுதிகளில் இருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் செல்வோர், மீனவ இளைஞர்கள் பலகை மீது நின்று அலைச்சறுக்கு ஆடுவதைக் காணலாம். இவ்விளையாட்டு பொலினீசியத் தீவுகளில் தோன்றியது. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது.

மரக்கட்டைகளைத் தேர்வதும், செதுக்குவதும், பிணைப்பதும் மீனவர்கள் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் காத்துவந்த அறிவாகும். அதைக் கரைதோறும் சென்று கண்டு எழுதி வைத்ததால், கட்டுமரம் அருகிவரும் இக்காலத்தில் ஹோர்னெலின் பதிவுகள் முக்கிய ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. ஹோர்னெல் 1949இல் காலமானார். மீன்பிடித்தல் பற்றிய இவரது இறுதி நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.