வகுத்த வழியும் வாய்த்த வழியும்: வ. உ. சிதம்பரம்பிள்ளை

பாலமுனைக் கரையிலே வலை வளைக்கும் மண்டாடி, தோணியையும் வலையையும் ஆட்களையும் முன்னரே ஆயத்தஞ் செய்துவிடுவார். வலையை எவ்விடத்தில் இறக்குவது என்பதையோ நீரோட்டத்தைக் கண்ட பின்னரே முடிவு செய்வார். முன்கூட்டித் திட்டமிடுதலும் சமயமறிந்து மாற்றிக்கொள்ளுதலும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. வணிகத்தில் இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய பெருமகன் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

சிதம்பரனார் 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர் தூத்துக்குடியிற் குடியேறினார். அந்நாளில் அத்துறைமுகத்துக்கும் கொழும்புக்குமிடையே கப்பற் போக்குவரத்து ஆங்கிலக் கம்பனியொன்றின் கைக்குள் அடங்கியிருந்தது. அதனை மாற்றவெண்ணிய சிதம்பரனார், 1906 ஒக்டோபர் 16 ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்வித்தார்.

திட்டம் தெளிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே பங்காளராகலாம். கப்பலோட்டுவதோடு, நம்மவருக்கு மாலுமிக் கலையையும் கப்பல் கட்டுந் தொழிலையும் பயிற்றுதலும் அதன் நோக்கங்களுள் அடங்கும். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபா அளித்தார். சமய வேறுபாடு கருதாத இவ்வொற்றுமை, நம் கீழ்க்கரை மக்கள் நினைந்து மகிழத்தக்கது.

ஆயினும், தொழில் தொடங்கியதும் திட்டத்திற் காணாத இடர்கள் தோன்றின. சங்கம் முதலில் வாடகைக் கப்பல்களையே ஓட்டியது. எதிர்க்கம்பனியின் நெருக்குதலால் கப்பலுடையார் அவற்றை மீட்டுக்கொண்டனர். சிதம்பரனார் சோர்ந்திலர், கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து அறாமற் காத்தார். பிறர் கப்பலை நம்பி நெடுநாள் நடத்தவியலாது என்று உணர்ந்து பம்பாய் சென்று முயன்றார். அதன் பயனாக 1907 இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் சங்கத்துக்குச் சொந்தமாயின. வழி மாறியது, குறிக்கோள் மாறவில்லை.

அடுத்து வந்தது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது; சங்கம் எட்டணாவாக்கியது; ஆங்கிலேயரோ இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் பரிசளித்தனர். நட்டத்தைத் தாங்கும் பணவலி அவரிடம் மிகுதி. சங்கத்தின் வலியோ மக்களின் நாட்டுப்பற்றே.

1908 இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குச் சிதம்பரனார் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12 ஆம் நாள் சிறைப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் சிறையில் இருக்கையிலேயே, 1911 இல், சங்கம் கலைக்கப்பட்டது.

அரசியலை விலக்கி வணிகத்தை மட்டும் நடத்தியிருந்தால் சங்கம் பிழைத்திருக்குமென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சுதேசி உணர்ச்சியே அச்சங்கத்தின் வேர். வேரை அறுத்து மரத்தைக் காக்கவியலாது. குறை வேறிடத்தில் இருந்தது. நிலைமைக்கேற்ப வழிமாற்றுந் திறன் அவர் ஒருவரிடமே தங்கியிருந்தது. அவர் நீங்கியபோது சுக்கானைப் பற்ற அத்தகைய வேறொருவர் இலர். நம்மவரைப் பயிற்றும் பகுதி திட்டத்தில் இருந்தும், அதனை நிறைவேற்றக் காலம் இடந்தரவில்லை.

1912 டிசெம்பர் 24 ஆம் நாள் விடுதலையானவருக்கு வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையிற் சிறுகடை நடத்தினார். தமிழிற் புகுந்து 1917 இல் திருக்குறளின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணத்தையும் வெளிக்கொணர்ந்தார். வாலசு என்னும் நீதிபதியின் துணையால் தொழிலுரிமை மீண்டது. நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18 ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். 2011 இல் அத்துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது.

நம் பழைய மாணவர் பலர் கடையும் ஆலையும் நடத்துகின்றனர்; இன்றைய மாணவருள்ளும் பலர் நாளை நடத்துவர். திட்டமிடுங்கள், காற்று மாறின் பாயை மாற்றுங்கள், அங்ஙனம் மாற்றவல்ல இளையோரையும் உடனிருத்திப் பழக்குங்கள். சிதம்பரனார்க்கு வாய்க்காத அவ்வாய்ப்பு நமக்கு வாய்த்திருக்கின்றது.