எஃகுக் கம்பியை நம்பிய மோட்டார் மன்னர்

சென்னையிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகும் குடும்பங்கள் மறைமலைநகரைத் தாண்டித்தான் செல்கின்றன. 1990-களில் அங்கே போர்டு கம்பெனி கார் தொழிற்சாலை அமைத்தது. 2022 வரை அங்கிருந்து கார்கள் வெளிவந்தன.

அந்தப் பெயருக்கு உரியவர் ஹென்றி போர்டு. ஏழை எளியவரும் கார் ஓட்ட வழி செய்தவர். ஆனால், ஓடும் காரை நிறுத்தும் விஷயத்தில் பெற்ற மகனின் பேச்சையே அவர் பல ஆண்டுகள் கேட்கவில்லை!

சுவரை இடித்தார்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே கடிகாரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார். 16-வது வயதில் டெட்ராய்ட் நகருக்கு வேலை தேடிப் போனார்.

1896-ல், வீட்டுக் கொட்டகையில் தமது முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்தார். வெளியே கொண்டு வரப் பார்த்தால், வாசல் போதவில்லை. கோடரியை எடுத்துச் சுவரை இடித்தார். வண்டி வீதிக்கு வந்தது! அத்தகைய பிடிவாதக்காரர்.

1908-ல் வந்த அவரது 'டி' மாடல் கார், 1927-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. அடுத்து வந்த 'ஏ' மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் வைத்தார்.

கம்பியா, எண்ணெயா?

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம். அதன் உள்ளே பிறை வடிவில் இரண்டு 'ஷூ'க்கள் உண்டு. பிரேக்கை மிதித்ததும் அவை விரிந்து டிரம்மை உரசும். சக்கரம் நிற்கும்.

ஷூக்களை விரிக்கப் போர்டு எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தினார். அங்கேதான் தொல்லை. நான்கு கம்பிகளும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு சக்கரம் முந்திப் பிடித்தால், கார் அந்தப் பக்கம் இழுக்கும். மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

எண்ணெய் பிரேக்கில் இந்தக் கம்பித் தொல்லை இல்லை. குழாயில் உள்ள எண்ணெய், மிதிக்கும் அழுத்தத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே சமயத்தில் கொண்டு போகும். கிரைஸ்லர் கம்பெனி 1924-லேயே அதற்கு மாறியது. செவர்லே 1936-ல் மாறியது.

தந்தையும் மகனும்

போர்டின் ஒரே மகன் எட்செல். 1919 முதல் கம்பெனியின் தலைவர். ஆனாலும் தந்தை சொல்வதே சட்டம். எண்ணெய் பிரேக் வேண்டும் என்று எட்செல் வற்புறுத்தினார். தந்தை மறுத்தார். குழாய் உடைந்து எண்ணெய் ஒழுகினால் என்ன ஆவது என்பது அவர் பயம்.

அது வீண் பயமும் அல்ல. அக்காலக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் வழி ஒன்றே. அது உடைந்தால் கால் மிதியில் பிரேக்கே இராது. இரண்டு தனி வழிகள் அமைப்பது அமெரிக்காவில் பொது வழக்கமானது 1960-களின் பிற்பகுதியில்தான்.

கடைசியில் 1939-ம் ஆண்டு மாடலில் தந்தை இறங்கி வந்தார். மகன் சொன்ன பிரேக் காரில் ஏறியது. ஆனால் 1943-ல், 49-வது வயதில் எட்செல் காலமானார். முதிய தந்தை மீண்டும் தலைவரானார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி அவரும் மறைந்தார்.

பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்போர் இன்றும் கவனிக்க வேண்டியவை இவை: மிதி மெத்தென்று இருந்தால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். மெல்லக் கீழே இறங்கினால் கசிவு இருக்கலாம். கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு ஷூவில் எண்ணெய் பட்டிருக்கலாம். மழை நீரைக் கடந்த பின், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்தால் ஈரம் காயும்.

போர்டு பறவைப் பிரியர். இடம் பெயரும் பறவைகளைக் காக்க 1913-ல் அமெரிக்காவில் வந்த சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர். வேடந்தாங்கலைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அங்கே போகும் தந்தைமார்களே, பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று மகன் சொன்னால், வண்டியை ஓரமாக நிறுத்திக் காது கொடுங்கள்!