சொல்லுக்குச் சொல்லே வேலி

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்டேன். வயலில் நெல் விளைந்து கிடக்கிறது. பானையில் அரிசி இல்லை. குழந்தை சோறு கேட்டு அழுகிறது. நெல்லுக்கு, மலாய் மொழியிலிருந்து ஆங்கிலம் கடன்பெற்ற ஒரு சொல் உதவியது. அரிசிக்கும் சோற்றுக்கும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான். உலை வைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு அம்மொழியில் கரைந்து போயிற்று. அந்த இடர்ப்பாடுதான் என்னை பெர்டினாண்ட் டி சசூரின் வாழ்க்கையை நாடச் செய்தது.

சசூர் 1857-இல் ஜெனீவாவில் அறிவியலாளர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பியலும் வேதியியலும் ஓராண்டு பயின்றபின், மொழியாய்வை நாடி ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்றார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொன்மையான உயிரொலிகளைப் பற்றிய நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. எம்மொழியிலும் அன்று காணப்படாத ஒலிகள் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று அதில் கணித்தார். அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, ஹிட்டைட் மொழியில் அவற்றின் தடயம் இனங்காணப்பட்டது.

பாரிஸில் பத்தாண்டுகள் கற்பித்துவிட்டு 1891-இல் ஜெனீவா திரும்பியவர், அதன்பின் மிகக் குறைவாகவே எழுதினார். மொழியைப் பற்றிப் பத்து வரிகளைப் பொருள்பட எழுதுவதுகூட அரிதாயிருக்கிறது என்று தம் மாணவராயிருந்த மெய்யேவுக்கு 1894-இல் எழுதிய கடிதத்தில் மனம் நொந்தார். சொற்கள் எவ்வாறு பொருள் தருகின்றன என்று கண்டவருக்கே சொற்கள் கைகொடுக்கவில்லை.

1907 முதல் 1911 வரை, ஒரு சில மாணவர்களுக்கு மூன்று முறை பொதுமொழியியல் பாடம் நடத்தினார். 1913-இல் தம் 55-ஆம் வயதில் மறைந்தார். அவ்வகுப்புகளில் அமர்ந்திராத பாய், செஷஹே என்ற இரு சக அறிஞர்கள், மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி 1916-இல் நூலாக்கினர். இருபதாம் நூற்றாண்டின் சிந்தனைப் போக்கையே மாற்றிய அந்த நூலை, அதன் ஆசிரியர் எழுதவும் இல்லை, காணவும் இல்லை.

ஒலிக்கும் கருத்துக்கும் இயற்கையான உறவில்லை என்பது அவர் வகுத்த முதல் விதி. சொல் என்னும் குறியின் அமைப்பை விளக்க அவர் காட்டிய எடுத்துக்காட்டு மரம். நன்னூல் கற்ற நமக்கு இது புதிதன்று. இடுகுறிப்பெயருக்குப் பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டும் மரம்தான். எனினும் சசூர் மேலும் ஓரடி வைத்தார். ஒரு சொல்லின் மதிப்பை, அதன் அண்டைச் சொற்களே வரையறுக்கின்றன என்றார். பிரெஞ்சில் ஆட்டுக்கும் அதன் இறைச்சிக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ஆகவே அவை ஒரே விலங்கைக் குறித்தாலும் மதிப்பில் ஒன்றாகா. என் அரிசிக்கும் சோற்றுக்கும் நேர்ந்தது இதுவே.

அண்மையில் ஒரு விருந்தில், இலையில் சோறு பரிமாற வந்தவர் இன்னும் கொஞ்சம் ரைஸ் வேண்டுமா என்று கேட்டார். கடையில் வாங்குவதும் ரைஸ், இலையில் விழுவதும் ரைஸ். ஆங்கிலத்துக்குப் பெயர்க்கையில் நான் இழந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பந்தியிலேயே இழந்துகொண்டிருக்கிறோம். பிறமொழிச் சொல் வருவதால் மொழி அழிந்துவிடாது. ஆனால், இரு சொற்கள் நின்ற இடத்தில் ஒன்றே நிற்குமானால், அவற்றுக்கிடையே இருந்த வேலி சாய்கிறது. வேலி சாய்ந்தபின், அது பிரித்துக் காட்டிய கருத்தும் மெல்ல மறந்துபோகும்.