ஆணி இல்லாத வீட்டின் வாரிசு

சர்வேயிங் லேப்னா நமக்கு ஞாபகம் வருவது வெயிலும் செயினும்தான். அதே சர்வேயிங்கை வீட்டிலேயே கற்றுக்கொண்ட ஒரு விவசாயி வீட்டுப் பையன், பின்னாளில் ஒரு நாடு பிறக்கவே ஓட்டுப் போட்டார். பெயர் ஜான் மார்ட்டன்.

1638-ல் ஸ்வீடன், அமெரிக்காவின் டெலவேர் ஆற்றங்கரையில் ஒரு காலனி அமைத்தது. அங்கே வந்த ஸ்வீடன், பின்லாந்து மக்கள் தங்கள் ஊர் முறையில் வீடு கட்டினார்கள். முழு மரத்தடிகளைப் படுக்கவைத்து அடுக்கி, மூலைகளில் காடி வெட்டி ஒன்றோடொன்று கோர்த்துவிடுவார்கள். சுவருக்கு ஆணியே வேண்டாம். இடுக்குகளைக் களிமண்ணால் அடைப்பார்கள். மார்ட்டனின் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர்களில் ஒருவர். அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய மர வீடு, பென்சில்வேனியாவில் டார்பி ஓடைக்கரையில் இன்னும் நிற்கிறது.

மார்ட்டன் 1725-ல் பிறந்தார். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்த ஆங்கிலேயர்தான் பையனுக்குக் கணக்கும் நில அளவையும் சொல்லிக்கொடுத்தார். விவசாயம், சர்வே வேலை என்று இருந்தவர், ஷெரிஃப், நீதிபதி, சட்டசபை சபாநாயகர் என்று உயர்ந்தார்.

1776 ஜூலை 1. பிலடெல்பியாவில், பிரிட்டனை விட்டுப் பிரியலாமா என்று ஓட்டெடுப்பு. ஒரு காலனிக்கு ஒரு ஓட்டு. பென்சில்வேனியாவின் 7 பேரில் 4 பேர் வேண்டாம் என்றார்கள். மார்ட்டன், ஃபிராங்க்ளின், வில்சன் மூவரும் வேண்டும் என்றார்கள். மறுநாள் எதிரணியில் இருவர் ஓட்டளிக்காமல் ஒதுங்கிக்கொள்ள, கணக்கு 3-க்கு 2 ஆனது. மூவரில் ஒருவர் மனம் மாறியிருந்தாலும் பென்சில்வேனியாவின் ஓட்டு சுதந்திரத்துக்கு எதிராக விழுந்திருக்கும்.

அந்த ஓட்டு அவருக்குச் சும்மா கிடைக்கலைங்க. ராஜாவுக்கு விசுவாசமாக இருந்த நெருங்கிய நண்பர்கள் பலர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். சொந்த ஊரிலேயே தனி ஆள் ஆனார்.

பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் முதலில் இறந்தவரும் அவர்தான்: 1777 ஏப்ரல் 1. அதே செப்டம்பரில் பிலடெல்பியா பிரிட்டிஷார் கைக்குப் போனது. தான் போட்ட ஓட்டு ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாமலே போய்விட்டார். பிரிட்டன் அந்த நாட்டை அங்கீகரித்தது 1783-ல்தான்.

அடுத்த முறை செயினைத் தூக்கும்போது இந்த சர்வேயரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!